ஒரே மாவு, பல பலகாரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள் பெரியோர். படித்தவரின் அனுபவக் குறைவைக் கேலி செய்ய எழுந்த பழமொழி அது. ஆனால் ஏடே ஒன்றுக்கொன்று முரண்பட்டு நின்றால் என்ன செய்வது? ஓர் ஏட்டில் சுரைக்காய் என்றும், மற்றோர் ஏட்டில் சுண்டைக்காய் என்றும் எழுதியிருந்தால் சமைப்பவர் எதை நம்புவார்? இந்த ஏட்டுச் சிக்கலைப் பற்றியும், அதைத் தீர்க்கக் கணிப்பொறி அறிஞர்கள் கண்ட ஒரு வழியைப் பற்றியும், அவ்வழி நம்மைப் போன்ற அரசு கல்லூரி மாணவர்களுக்கு எவ்வளவு தேவையானது என்பதைப் பற்றியும் எனக்குத் தெரிந்த அளவில் எழுத விரும்புகிறேன்.

‘கணிப்பொறி’ என்ற சொல்லைக் கண்டதும், இது வேறு துறையினருக்கு உரியது என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் இயற்பியல் மாணவிதான். எங்கள் வீட்டில் கணிப்பொறி கிடையாது. இருப்பது ஒரே ஒரு கைபேசி. அதுவும் தம்பிக்கும் எனக்கும் பொது. அப்படிப்பட்டவர்களுக்கே இச்செய்தி மிகவும் வேண்டியது என்பதுதான் என் எண்ணம்.

நான்காம் அடுக்கு எங்கே போயிற்று?

தமிழ்வழியில் அறிவியல் படிப்போருக்குச் செய்முறைப் பாடத்தில் கைகொடுப்பது மூத்த மாணவர்கள் எழுதி வைத்த குறிப்பேடு. யாரோ ஒருவர் எந்த ஆண்டிலோ அழகான கையெழுத்தில் எழுதியது. ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, அந்த ஜெராக்ஸிலிருந்து மறு ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. எங்கள் வகுப்பிலும் ஏறத்தாழ எல்லோரிடமும் அதன் ஒரு பிரதி உண்டு.

அதில் முறுக்கு ஊசல் என்றொரு சோதனை. மெல்லிய கம்பியில் ஒரு வட்டத்தட்டைத் தொங்கவிட்டு, இலேசாகத் திருகி விட்டால், அது இப்புறமும் அப்புறமும் சுழன்று ஆடும். அந்த அலைவு நேரத்தை அளந்து, கம்பியின் விறைப்புக் குணகத்தைக் கணக்கிட வேண்டும். சூத்திரத்தின் பகுதியில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் வரும். ஆனால் என் பிரதியில் ஆரத்தைக் குறிக்கும் எழுத்தின் தலைமேல் ஒரு சாம்பல் நிறப் புள்ளி மட்டும் இருந்தது. தோழி ஒருத்தியின் பிரதியில் அப்புள்ளியும் இல்லை. வேறொருவர் பிரதியில் யாரோ நீல மையால் 2 என்று எழுதியிருந்தார்கள்.

அடுக்குதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. கம்பியின் ஆரம் 0.25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் அடுக்கால் வகுத்தால், விடை எண்ணளவில் 1 கோடியே 60 லட்சம் மடங்கு குறைந்துவிடும்! பித்தளைக்கு விறைப்புக் குணகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4,000 கோடி நியூட்டன். நீல மையை நம்பியவருக்குக் கிடைப்பது 2,500. பித்தளைக் கம்பி அல்வாத் துண்டைப் போலக் குழைந்துவிட்டது என்று பொருள்.

எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் சூத்திரத்தை முதலிலிருந்து வருவித்துக் காட்டினார். அன்று வகுப்பில் இருந்தவர்கள் உடனே திருத்திக்கொண்டோம். அன்று வராதவர்கள்? அது மல்லாட்டை பிடுங்கும் காலம். எங்கள் வகுப்பில் சிலர் வாரத்தில் இரண்டொரு நாள் கூலி வேலைக்குச் சென்றுதான் பேருந்துச் செலவைச் சமாளிக்கிறார்கள். அவர்களுடைய பிரதியில் அந்தச் சாம்பல் புள்ளி அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு முதலாண்டு மாணவர் யாருடைய பிரதியை வாங்கி ஜெராக்ஸ் எடுப்பார் என்று யார் சொல்ல முடியும்?

இங்கேதான் நான் சிந்திக்கத் தொடங்கினேன். பிழை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. திருத்தம் மட்டும் சிலரோடு நின்றுவிடுகிறது. அந்தச் சிலர் பெரும்பாலும் வசதி உள்ளவர்களாகவும், நாள்தோறும் வர முடிந்தவர்களாகவும் இருக்கிறார்கள். வறியவருக்குக் கிடைப்பது எப்போதும் பழைய பிரதி, பழைய பிழை.

பாடபேதம் என்னும் பழைய நோய்

இது நம் மொழிக்குப் புதிய செய்தி அன்று. அச்சு இயந்திரம் பரவுமுன் நூல்கள் ஓலையில் வாழ்ந்தன. ஓலை செல்லரிக்கும், எனவே மறு ஏட்டில் பெயர்த்து எழுதுவார்கள். பெயர்த்து எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறும், ஒரு வரி விழும். ஓலையில் புள்ளி இடும் வழக்கமும் அருகியிருந்ததால் மெய்யா உயிர்மெய்யா என்ற ஐயம் வேறு. இவ்வாறு பிறந்தவையே பாடபேதங்கள்.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பட்ட பாட்டை நாம் அறிவோம். ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியது பாதி உழைப்பு என்றால், கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு உண்மைப் பாடத்தைக் கண்டது மறுபாதி உழைப்பு. நமக்கு அருகிலேயே, புதுச்சேரியிலுள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்புகள் 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒரு நூலுக்குப் பல சுவடிகள் இருந்தால், அத்தனையையும் அறிஞர்கள் ஒப்பிட்டாக வேண்டும்.

ஓலை போய் அச்சு வந்தது. அச்சுக்குப் பின் கணிப்பொறி வந்தது. நோய் தீர்ந்ததா என்றால் இல்லை. ஒரே பாடத்தை அச்சுக்காக ஒரு கோப்பு, இணையத்துக்காக ஒரு கோப்பு, கைபேசிக்காக ஒரு கோப்பு என்று தனித்தனியே வைத்திருந்தால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் ஏறாது. மூன்று மாதத்தில் மூன்று பாடபேதம் தயார்! ஓலைக்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. கணிப்பொறிக்கு ஒரு பருவம் போதும்.

என் தாயாரின் மாவுப் பாத்திரம்

இதற்குத் தீர்வு எது என்பதை விளக்க, என் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

என் தந்தையார் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டும் வேலைக்குப் போகிறவர். தாயார் நான்காம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் தெருவில் சிறிய இட்லிக் கடை நடத்துகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தாயார் மாலையில் மாவு அரைத்து, உப்பிட்டுக் கரைத்து, இரவெல்லாம் புளிக்க வைப்பார். விடியலில் அது இட்லி. வெயில் ஏறியதும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துத் தோசை. மாலையில் வெங்காயமும் மிளகாயும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். பல்லில்லாத பாட்டிக்கு இட்லி, முறுகல் கேட்கும் வாலிபனுக்குத் தோசை, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பணியாரம். மாவு ஒன்றே.

உப்புக் குறைவு என்று முதல் ஆள் சொன்னால், தாயார் மாவிலேதான் உப்புப் போடுவார். அடுத்து வருகிற இட்லி, தோசை, பணியாரம் எல்லாவற்றுக்கும் அது சேர்ந்துவிடும். வெந்த இட்லி ஒவ்வொன்றிலும் உப்புத் தூவிக்கொண்டிருப்பவரை யாராவது பார்த்ததுண்டா?

இந்த எளிய சமையல் அறிவுதான் ‘ஒரு மூலம், பல வடிவம்’ என்னும் மென்பொருள் முறையின் உயிர்நாடி. எழுத்தை ஒரே ஒரு மூலக் கோப்பில் வைத்துக்கொள்வது. தேவைக்கேற்ப அச்சு நூலாகவும், கைபேசி நூலாகவும், இணையப் பக்கமாகவும் மென்பொருளே வார்த்துத் தருவது. திருத்தம் என்றால் மூலத்தில் மட்டும் செய்வது.

இன்னொன்றும் உண்டு. மாவை இட்லி ஆக்கலாம். இட்லியை மீண்டும் மாவாக்க இயலாது. வேண்டுமானால் உதிர்த்து உப்புமா செய்யலாம். பி.டி.எஃப். கோப்பும் அப்படித்தான். அது வெந்து இறக்கிய பண்டம். அதிலிருந்து தமிழ் வரிகளை வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பல நேரங்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். ஏனெனில் பி.டி.எஃப். என்பது எந்த வடிவம் தாளில் எங்கே அமர வேண்டும் என்பதையே முதன்மையாகக் குறித்து வைக்கிறது. சொல் எது என்பது அதற்கு இரண்டாம் கவலை. ஆகவே பி.டி.எஃப். மட்டும் வைத்திருப்பவர் மூலத்தை வைத்திருப்பவர் ஆகார்.

தோற்றமும் இயல்பும்

இம்முறை தோன்றிய வரலாறு சுவையானது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்னும் மூவர் சட்ட அலுவலகங்களுக்கான ஒரு திட்டத்தில் ஈடுபட்டிருந்தனர். ஒரே ஆவணத்தைத் திருத்தவும் வேண்டும், தேடவும் வேண்டும், அச்சிடவும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாக எழுதச் சொல்லிற்று. அவர்கள் கண்ட வழி இது: ‘இவ்வரியைத் தடித்த எழுத்தில் போடு’ என்று எழுதாதே, ‘இவ்வரி தலைப்பு’ என்று எழுது. எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் பின்னால் வரும் நிரல் முடிவு செய்யட்டும். மூவர் பெயரின் முதலெழுத்துகளே ஜி.எம்.எல். என்று அம்முறைக்குப் பெயராக அமைந்தன. அதன் வழித்தோன்றலான எஸ்.ஜி.எம்.எல். 1986-இல் பன்னாட்டுத் தரமாயிற்று. இன்றைய இணையப் பக்கங்களின் எச்.டி.எம்.எல்.லும், 1998-இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல்.லும் அந்த மரபில் வந்தவையே.

2004-ஆம் ஆண்டில் ஜான் குருபர் என்பவர் இதையே சாதாரண மனிதரும் எழுதத்தக்க எளிய வடிவில் அமைத்தார். ‘மார்க்டவுன்’ என்பது அதன் பெயர். தலைப்பு என்றால் வரியின் முன் ஒரு ஹாஷ் குறி. பட்டியல் என்றால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிறு கோடு. அழுத்தம் வேண்டிய சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி. அவ்வளவே. விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். கைபேசியிலேயே தட்டச்சு செய்துவிடலாம்.

2006-இல் வந்தது ‘பேண்டாக்’ என்னும் கட்டற்ற மென்பொருள். இதை உருவாக்கிய ஜான் மெக்ஃபார்லேன் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் என்பது கலைத்துறை நண்பர்கள் மகிழ வேண்டிய செய்தி! பேண்டாக் வேலை செய்யும் விதத்தை நம் விழுப்புரம் சந்திப்பைக் கொண்டு விளக்கலாம். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைப் பாதைகள் அங்கே கூடுகின்றன. ஐந்து ஊர்களையும் ஒன்றோடொன்று நேரடியாக இணைப்பதானால் பத்துப் பாதைகள் தேவை. நடுவில் ஒரு சந்திப்பு இருப்பதால் ஐந்தே போதும். பேண்டாக்கும் எந்த வடிவில் எழுத்து வந்தாலும், முதலில் அதைத் தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை என்று கிளைகள் கொண்ட ஒரு மரமாகத் தன் உள்ளே அமைத்துக்கொள்கிறது. பிறகு அம்மரத்திலிருந்து வேண்டிய வடிவை எழுதுகிறது. பத்து வகை உள்ளீடு, பத்து வகை வெளியீடு என்றால் நூறு மாற்றிகள் எழுத வேண்டிய இடத்தில் இருபது போதும்.

சூத்திரங்களை எழுத, கணிப்பொறி அறிஞர் டொனால்ட் குனூத் வகுத்த முறை துணை செய்கிறது. தம் நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த அச்சுப் படிகள் அழகின்றி இருந்ததைக் கண்டு மனம் வருந்தி, 1977-இல் தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார் அவர். ‘டெக்’ என்ற அம்மென்பொருள் வழியில், நான்காம் அடுக்கு என்பதை ஒரு தொப்பிக் குறியும் அதன் பக்கத்தில் 4 என்ற எண்ணுமாக எழுத வேண்டும். இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மூலத்தில் அந்த 4 மற்ற எழுத்துகளுக்குச் சமமான முழு உயரத்தில் நிற்கிறது! அது சிறுத்து மேலே ஏறுவது அச்சில் மட்டுமே. மூலத்தில் இருக்கும்வரை எந்த ஜெராக்ஸ் இயந்திரமும் அதைச் சாம்பல் புள்ளியாக்க முடியாது.

தமிழுக்கு நடந்த பணிகள்

தமிழ் நூல்களைப் பல வடிவில் தரும் பணியில் தன்னார்வலர் பலர் உழைத்திருக்கிறார்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ அவற்றுள் தலையாயது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று நடத்த, பல நாடுகளில் வாழும் தமிழர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். அக்காலத்தில் தமிழுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடு வழக்கிற்கு வரவில்லை. ஆளுக்கோர் எழுத்துரு. பிறகு தஸ்கி என்னும் குறியீடு, அதன் பிறகு ஒருங்குறி என்று காலம் மாற மாற, தட்டச்சு செய்யப்பட்ட எழுத்து கையில் இருந்ததால் அதைப் புதிய வடிவுக்கு மாற்ற முடிந்தது.

2013-இல் த. சீனிவாசன் முதலான தன்னார்வலர்கள் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ திட்டம் நம் பொருளுக்கு நேரான சான்று. எழுத்தாளரிடம் இசைவு பெற்று, ஒரே மூலத்திலிருந்து ஈபப், மோபி, ஏ4 அளவு பி.டி.எஃப்., 6 அங்குலத் திரைக்கான பி.டி.எஃப். என்று நான்கு வடிவங்களில் நூல்களை இலவசமாக வழங்கினார்கள். இதில் மோபியின் கதை பாடம் தருவது. அது அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவிக்கான வடிவம். 2022-இல் அந்நிறுவனமே தன் அனுப்பும் சேவையில் ஈபப்பை ஏற்றுக்கொண்டு, மோபியை விலக்கும் முடிவை அறிவித்தது. ஒரு வடிவம் வழக்கொழிந்தது. மூலம் வைத்திருப்பவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. மாவு இருக்கும்வரை பழைய தட்டு உடைந்தால் என்ன?

மூலம் எவர் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே ஒரு பெருமைமிக்க விடை உண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் அவர்கள் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது, 1949-இல், பாரதியார் எழுத்துகள் பொதுவுடைமையாக்கப்படும் என்று அரசு அறிவித்தது. ஒருவர் கையில் இருந்த உரிமை மக்கள் அனைவருக்கும் உரியதாக ஆனது. அன்று ஒரு முதலமைச்சர் பெரிய அளவில் செய்ததை, நம் பாடக் குறிப்புகளுக்கு நாம் சிறிய அளவில் செய்துகொள்ள முடியாதா?

நாங்கள் செய்து பார்த்தது

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கட்டற்ற மென்பொருளை மாணவர்களிடையே பரப்பி வருகிறது. அத்தகைய மென்பொருளில் ஆர்வமுள்ள மூத்த மாணவர் ஒருவர் எங்களுக்குப் பேண்டாக்கை அறிமுகம் செய்தார். நாங்கள் நால்வர் சேர்ந்து செய்முறைக் குறிப்பேட்டைக் கைபேசியில் பிரித்துத் தட்டச்சு செய்தோம். விரிவுரையாளர் பார்த்துத் திருத்தித் தந்தார். கல்லூரிக் கணிப்பொறியில் ஒரு கட்டளை இட்டோம். ஜெராக்ஸ் எடுப்பதற்கான பி.டி.எஃப். வந்தது. வேறொரு கட்டளை, கைபேசிக்கான ஈபப் வந்தது.

கைபேசிக்குத் தனி வடிவம் ஏன் என்று கேட்கலாம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். நம் கைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 70. முழுப் பக்கத்தையும் திரையில் அடக்கினால் எழுத்து மூன்றில் ஒரு பங்காகிவிடும். எறும்பு ஊர்வது போல இருக்கும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுக்க வேண்டும். ஈபப்பில் அத்துன்பம் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து திரைக்குள் அடங்கும். கூட்டம் நெரியும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் படிப்பவருக்கே இதன் அருமை தெரியும்.

வரலாற்றுத் துறையில் பார்வையற்ற தோழி ஒருவர் படிக்கிறார். பகுதி ஒன்று தமிழ் எங்கள் எல்லோருக்கும் பொதுவான பாடம். அவருடைய கைபேசியில் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி உண்டு. ஆனால் அவருக்குக் கிடைத்த குறிப்புகளில் சில, தாளைப் படம் பிடித்தவை. படத்துக்கு முன் கைபேசி ஊமையாகிவிடும். சில, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்தவை. அவ்வெழுத்துருவில் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது, கணிப்பொறியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசை. கைபேசியும் அப்படியே வாசிக்கும்! தாயை அழைக்கும் சொல் அவர் காதில் பொருளற்ற ஒலியாக விழுந்தது. தமிழ்ப் பாடக் குறிப்பையும் நாங்கள் ஒருங்குறியில் மூலமாக எழுதி ஈபப் ஆக்கித் தந்தோம். அவர் முதல்முறையாக எங்களுக்கு முன்பே படித்து முடித்து, எங்கள் தட்டச்சில் இரண்டு இடங்களில் ஐயம் எழுப்பினார். கேள்வி கேட்கும் உரிமை, படிக்கக் கிடைத்த பிறகுதானே வருகிறது!

குறைகளும் உண்டு

இம்முறையை வானளாவப் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது அறிவியல் மாணவிக்கு அழகன்று. அகலமான அட்டவணை தாளில் அடங்கும், கைபேசியில் பிதுங்கும். ஆகவே நீண்ட அட்டவணைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ‘12-ஆம் பக்கம் பார்க்க’ என்று எழுத இயலாது. எழுத்தின் அளவு மாறினால் பக்கமும் மாறும். ‘முறுக்கு ஊசல் பகுதியைப் பார்க்க’ என்றுதான் எழுத வேண்டும். தமிழ் எழுத்துகள் அச்சில் ஒழுங்காக அமைய, டெக் வழியில் வந்தவற்றுள் ஒருங்குறி அறிந்த ‘ஸீடெக்’ போன்றவற்றையே பயன்படுத்த வேண்டும்.

சூத்திரங்களை வாசிப்பதில் கைபேசிகள் இன்னும் தடுமாறுகின்றன. எனவே ஒவ்வொரு சூத்திரத்தின் கீழும் அதைச் சொற்களால் ஒரு வரியில் எழுதுவது என்று முடிவு செய்தோம். முறுக்கு ஊசலின் கீழே ‘கம்பியின் ஆரத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி வகுக்க வேண்டும்’ என்று இருக்கிறது. காதால் படிப்பவரை எண்ணி எழுதிய வரி அது. ஆனால் நாளை யாராவது இதையும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து அந்தச் சிறிய 4 மங்கிப் போனாலும், சொல்லில் எழுதிய ‘நான்காம்’ மங்காது. ஒருவருக்காக வெட்டிய கிணற்றில் ஊரே தண்ணீர் எடுத்தது போலாயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய குறை மென்பொருளில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. மூலம் ஒன்றே என்றால், அதைக் காக்க ஒருவர் வேண்டும். நாங்கள் மூன்றாம் ஆண்டு முடித்துப் போய்விடுவோம். எங்கள் கைபேசி பழுதானால் மூலமும் போய்விடும். மிஞ்சுவது மீண்டும் ஜெராக்ஸ் பிரதிகளாகத்தான் இருக்கும்.

ஒரு வேண்டுகோள்

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் பணிவுடன் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒவ்வொரு துறையும் தன் குறிப்பேடுகளின் மூலக் கோப்பைத் துறை நூலகத்தின் உடைமையாக வைத்துக்கொள்ளட்டும். ஆண்டுதோறும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதன் காப்பாளராக இருந்து, முதலாண்டு மாணவர் ஒருவரைப் பழக்கிவிட்டுப் போகட்டும். யார் பிழை கண்டாலும் காப்பாளரிடம் சொல்லட்டும். விரிவுரையாளர் ஒப்பிய பிறகு மூலத்தில் ஏறட்டும். ஒவ்வொரு வடிவத்தின் முதல் பக்கத்திலும் எத்தனையாவது திருத்தம், எந்த நாள் என்பது இருக்கட்டும். தன் பிரதி பழையதா புதியதா என்று எவரும் அப்போது தாமே அறிந்துகொள்ளலாம்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பேண்டாக் இலவசம், மார்க்டவுன் கற்க ஒரு மாலைப் பொழுது போதும். தேவையானது, நான் அறிந்த திருத்தம் மற்றவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற மனம் ஒன்றுதான். வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்தவருக்கும், அன்று மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து நின்றவருக்கும், கண்ணால் படிப்பவருக்கும், காதால் படிப்பவருக்கும் ஒரே பாடம் ஒரே நாளில் கிடைக்கட்டும்.

எங்கள் குறிப்பேடு இப்போது மூன்றாம் திருத்தத்தில் இருக்கிறது. நான்காம் திருத்தத்துக்கான பிழையை இதைப் படிக்கும் நண்பர் எவரேனும் கண்டு சொன்னால், நால்வரும் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம்.